யவனர் குப்பியும் புறநானூற்று நன்கலமும்

புறநானூற்றின் 56ஆம் பாட்டு, பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. யவனரொடு தொடர்புடைய தண்ணிய நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாடோறும் ஊட்ட, வேந்தன் மகிழ்ந்து வாழ்க என்று புலவர் அதன்கண் வாழ்த்துகின்றார். அத்தேறல் வந்த வகையைக் கூறுமிடத்து வரும் ‘நன்கலம்’ என்னும் சொல்லொன்றே இக்கட்டுரைக்குப் பொருளாகும். பெயர் அறியப்படாத பழைய உரைகாரர் அச்சொற்குக் ‘குப்பி’ எனப் பொருள் கொண்டார். 1894ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையொடு நூலைப் பதிப்பித்த நாள்தொட்டு அப்பொருள் கற்றோரிடையே நிலைபெற்றுவிட்டது. உரைகாரர் சொன்னது அவ்வளவே. அவர் சொல்லாத ஒன்றை அவர் மேல் ஏற்றி இக்காலத்தார் கூறிவரும் கருத்தினையே ஈண்டு யாம் ஆராயப் புகுகின்றோம்.

அக்கருத்து நடைபோடும் முறை இது: குப்பி என்பது கண்ணாடி, பழங்காலத்துக் கண்ணாடிக் கலம் உரோமர் கைவினை, உரோமர்தம் சிறு கண்ணாடிக் கலங்கள் நறுநெய் பெய்துவைத்தவை, பாட்டும் நறுமணத்தையே பேசுகின்றது, ஆதலின் இன்று பழம்பொருள் தொகுப்போர் பெருவிலை கொடுத்து வாங்கும் உரோமர் நறுநெய்க் குப்பிகளே சங்கப் புலவர் பாடிய நன்கலம். மேடைகளிற் பலகாற் கேட்டதும், பட்ட ஆய்வேடுகளிற் சிலகாற் கண்டதுமாகிய இவ்வாதத்தின் ஒவ்வொரு படியும் தனித்து நோக்குவார்க்கு உறுதியுடையது போலவே தோன்றும். படியேறி முடிந்தபின் நிற்றற்கு இடமில்லை என்பதே குறை.

முதற்கண் அக்கலங்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, நடுநிலக்கடலின் கீழ்க்கரை நாடுகளில், உருகிய கண்ணாடியைக் குழல்கொண்டு ஊதிக் கலமாக்கும் தொழில் தோன்றியது. எருசலேம் நகரின் யூதர் பகுதியில் அகழ்ந்தெடுத்த பட்டறைக் கழிவுகள் அத்தொழிலின் இளம்பருவத்தைக் காட்டுகின்றன. அதற்கு முன்னர், அச்சில் வார்த்தும் களிமண் கருவின் மேற் கண்ணாடி இழையைச் சுற்றியும் செய்த கலங்கள் செல்வர்க்கே உரியனவாய் இருந்தன. ஊதுகுழல் வந்தபின் வேலை விரைந்தது, விலை வீழ்ந்தது. உரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வாங்கலாம் என்று சுட்ராபோ எழுதிவைத்தார். நீண்ட கழுத்தும் உருண்டோ கூம்பியோ அமைந்த வயிறும் உடைய நறுநெய்க் குப்பிகள் அங்ஙனம் மலிந்த கலங்களுள் மிகப் பல. பெரும்பாலன ஒரு சாண் உயரமும் இல்லாதன. நெய்யும் நறும்பொருளும் விற்பவன் கடையிலிருந்து வாங்குவோன் இல்லத்திற்கும், நீராடு துறைக்கும், இறுதியிற் பிணக்குழிக்கும் அவை சென்றன.

அவை முழுமையாக இன்று கிடைப்பதற்கு அந்த இறுதி இடமே காரணம். வீட்டிற் புழங்கியவை உடைந்தன. உடைந்த கண்ணாடி மீண்டும் உலைக்குச் சென்றது. கல்லறையில் வைத்தவையே பிழைத்தன. முற்காலப் பழம்பொருள் ஆர்வலர் அவற்றைக் கண்டு, இறந்தாரை நினைந்து அழுதோர்தம் கண்ணீரை ஏந்திவைத்த குப்பிகள் என்று பெயரிட்டனர். உள்ளிருந்த எச்சங்களை ஆராய்ந்தோர் நெய்யும் நறும்பொருளுமே கண்டனராதலின் அப்பெயர் பொருளற்றதாயிற்று. ஆயினும் விற்போர் வாயினின்று அது இன்னும் முற்றும் நீங்கவில்லை. கண்ணீர் என்றால் விலை கூடும் போலும்.

அக்கலங்களின் மேல் மயிற்கழுத்துப்போற் பலநிறம் காட்டி மின்னும் ஒளியினைத் தொகுப்போர் பெரிதும் விரும்புவர். அஃது உரோமக் கைவினைஞன் இட்ட நிறம் அன்று. ஈரமண்ணிற் பல நூற்றாண்டு கிடந்தமையாற் கண்ணாடியின் காரப்பகுதி கரைந்து வெளியேற, மேற்பரப்பு மெல்லிய ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கின்றது. அவ்வேடுகளிற் பட்டு மீளும் ஒளியே நிறமாகத் தோன்றுகின்றது. கலம் செய்தவன் கண்டது இளம்பச்சையோ இளநீலமோ ஆன வெற்றுக் கண்ணாடியையே. நாம் வியப்பது அதன் நோயினை. அந்நோயழகினைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கலைஞர் டிஃபனி புதுக்கண்ணாடியே செய்தார் என்றால், அதன் மேல் மேனாட்டார் கொண்ட காதல் எத்துணைத்து என்பது விளங்கும்.

இராசபாளையத்துக்கு அணித்தாய ஆலங்குளத்தில் எமக்கு அறிமுகமான அன்பரொருவர் இத்தகைய குப்பி ஒன்றனை வெளிநாட்டில் விலைகொடுத்து வாங்கி வைத்துள்ளார். உடன்வந்த தாளில் ‘உரோமர் காலம், நடுநிலக்கடற் கீழ்க்கரை’ என்பதற்குமேல் ஒன்றுமில்லை. எவ்வூரில், எக்குழியில், எதனொடு கிடந்தது என்பதற்குச் சான்றில்லை. அவர் எம்மிடம் வேண்டியது ஒன்றே: புறநானூற்றுப் பாட்டினைக் காட்டி, இக்குப்பியும் அந்நன்கலமும் ஓரினம் எனத் தமிழ்த்துறைத் தாளில் நான்கு வரி எழுதித் தருதல். அவர் வேண்டுகோளிற் கள்ளம் இல்லை, தமிழ்ப்பற்றே உண்டு. ஆயினும் ஆராயாது எழுதிய அந்நான்கு வரியே நாளை அக்குப்பியின் பிறப்புச் சான்றாகிவிடும். மண்ணினின்று பெறாத வரலாற்றினைப் பாட்டினின்று பெற்று அது மற்றொருவர் கைக்கு மாறும். அதன்பின் வருவோர் அக்குப்பியையே சான்றாக்கிப் பாட்டிற்குப் பொருள் கூறுவர். பொய்ச்சான்று இரண்டு ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்நிலை தமிழாராய்ச்சிக்கு நேராமை வேண்டும் என்பதனாலேயே, சிறிதெனத் தோன்றும் இச்சொல்லாராய்ச்சியை யாம் மேற்கொண்டோம்.

இனிச் சொல்லினை நோக்குவோம். குப்பி என்றவுடன் கண்ணாடி நினைவுக்கு வருவது இக்காலத்தார் பழக்கம். மாட்டுக் கொம்பின் நுனியிற் செறிக்கும் பித்தளைப் பூணும் குப்பியே. மகளிர் சடையில் அணியும் அணியொன்றும் குப்பியே. எம் கரிசற்காட்டு உழவரிடம் குப்பி என்றால் முதலில் அவர் காண்பது காளையின் கொம்பு, கண்ணாடி அன்று. வாய் குறுகி உள்ளே குழிவுடையது என்னும் வடிவமே அச்சொல்லுக்கு உயிர். இன்ன பொருளாற் செய்தது என்னும் வரையறை அதற்கில்லை. ஆகவே உரைகாரர் குப்பி என்றமை கொண்டு அவர் கண்ணாடியைக் கருதினார் என்று கூறுதற்கே இடமில்லை; பாட்டின் ஆசிரியர் கருதினார் என்பது அதனினும் தொலைவு.

அன்றியும், உரைகாரர் கொண்ட பொருள் பாட்டின் சொற்கிடைக்கையோடு எளிதிற் பொருந்துவதாகவும் இல்லை. நன்கலம் என்பதனைத் தேறல் பெய்த கலமாகக் கொள்வோமாயின், ‘நன்கலத்தில்’ என ஏழாம் வேற்றுமை உருபினை விரித்தல் வேண்டும், தந்தவர் யவனராவர். மரக்கலமாகக் கொள்வார்க்கு அவ்விடர்ப்பாடு இல்லை. யவனரது நன்கலம் என ஆறாம் வேற்றுமைத் தொகையாக்கினால், கலமே எழுவாயாய்த் தந்த என்னும் வினைக்கு உரியதாகும். இவ்வாறு பொருள் கொள்வாரும் முன்னரே உளர். அவர்க்கு அரணாகும் சான்று அகநானூற்றில் உள்ளது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய 149ஆம் பாட்டில், முசிறித் துறைக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீளுவதாகச் சொல்லப்படுவது யவனரது ‘நன்கலம்’. பொன்னொடு வந்து கறியொடு மீள்வது மரக்கலமன்றிக் குப்பியாதல் இயலாது. யவனர், தருதல், நன்கலம் என்னும் இம்மூன்றும் இரு தொகை நூல்களிலும் ஒருங்கே வருதல் உளங்கொளற்பாலது. அஃது அக்காலப் புலவரிடையே வழங்கிய ஒரு தொடர்வழக்கு என்று கொள்ளுதலே நேரிது.

இதற்கு எதிராகக் கூறத்தக்கது ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. நக்கீரர் பாட்டில் அடுத்த அடியிலேயே பொன்னாற் செய்த ‘புனைகலம்’ வருகின்றது. அங்குக் கலம் உண்கலமே. அடுத்தடுத்து வரும் இரண்டும் ஒரு பொருளவாதல் தகும் என்று ஒருவர் வாதித்தல் கூடும். அவ்வாதம் வலியுடையதே. ஆயினும் அதனை ஏற்றுக்கொண்டாலும் கண்ணாடி வந்து சேராது. யவனர் மது கடல்கடந்தது ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சுடுமண் சாடியிலே. புதுச்சேரிக்கு அண்மையில் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோதும், பின்னர்க் கசால் அகழ்ந்தபோதும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அகழ்ந்தபோதும் அச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அடி கூம்பி, கப்பலின் வயிற்றில் ஒன்றையொன்று சார்ந்து நிற்குமாறு அமைந்த பருமனான அச்சாடியைப் பாண்டியன் அவைக்களத்து வாழ்த்தில் ஒரு புலவர் நல்ல கலம் எனச் சிறப்பித்தல் பொருந்துமா? பொன்னின் புனைகலத்துக்கு முன்னே அதனை நிறுத்துதல் சுவைக்கும் ஒவ்வாது. வினைத்திறம் மிக்க கப்பலே அவ்வடைக்குத் தக்கது என்று யாம் துணிகின்றோம்.

உரைகாரரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. மிகப் பழைய பாட்டிற்குத் தம் காலத்து மாணவர் அறிந்த சொல்லால் அவர் பொருள் எழுதினார். மது ஊற்றும் கலத்திற்கு அக்காலத்தில் எளிதில் விளங்கிய சொல் குப்பியாயின் அதனைக் கையாண்டது உரைமரபே. நூற்றின்மேல் 266 பாட்டுகள் வரை உரை வாய்த்தமையாற்றான் நாம் புறநானூற்றுள் நுழைய முடிகின்றது. அவர் இட்ட விளக்கினை எடுத்துக்கொண்டு அவர் காட்டாத இடத்திற்குச் சென்றவர் நாமே.

கவிதையின் இயல்பினை நோக்கினும் கண்ணாடி பொருந்தவில்லை. ஊடுருவித் தெரியும் பொருளைக் கண்டு வாளாவிருந்தவர் அல்லர் சங்கப் புலவர். குறிஞ்சிப்பாட்டில் தெளிந்த சுனைநீர்க்குப் பளிங்கு உவமையாகின்றது. பிற்காலத்து மணிமேகலையிற் பளிக்கறை கதையின் திருப்பத்திற்கே இடமாகின்றது. கண்ணாடிக் கலத்துள் மது நிற்பதை நக்கீரர் பாட எண்ணியிருப்பின், அதன் நிறமோ ஒளியோ ஓரடையாலேனும் வெளிப்பட்டிருக்கும். அவர் தந்த அடைகள் குளிர்ச்சியும் மணமும். இரண்டும் தேறலுக்கு உரியன. கண்ணுக்குரியதொன்றும் அங்கில்லை.

இனி, நறுநெய் அடைத்த குப்பிகள் தமிழகத்துத் துறைகளில் இறங்கினவா என்பதனை யவனரே எழுதிய வணிகக் குறிப்பிற் காண்போம். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய ‘செங்கடற் பயணநூல்’ துறைதோறும் இறக்கப்பட்ட பண்டங்களைக் கூறுகின்றது. சிந்துவின் கழிமுகத்துப் பார்பரிக்கோனுக்குக் கண்ணாடிக் கலங்கள் சென்றன. பருகச்சத்துக்கு நறுநெய் சென்றது. அதுவும் விலையுயர்ந்ததன்று, மிகுதியுமன்று என்று அவ்வாசிரியரே குறிக்கின்றார். முசிறி, நெல்கிந்தாத் துறைகளுக்குரிய பட்டியலிலோ வினைப்படாத கண்ணாடிக் கட்டியும் சிறிதளவு மதுவும் உள்ளன. கண்ணாடிக் கலமும் இல்லை, நறுநெய்யும் இல்லை. பட்டியலில் இல்லாதது ஒன்றுகூட வரவில்லை என்று நாம் சாதிக்க வேண்டுவதில்லை. மாலுமி ஒருவன் மூட்டைக்குள் ஒரு குப்பி வந்திருக்கலாம். ஆனால், புலவர் பாடும் அளவிற்கு அரண்மனைப் புழக்கத்தில் அது மலிந்திருந்தது என்பதற்கு அந்நூல் துணை செய்யாது.

மண்ணும் அதற்கு மாறு கூறவில்லை. அரிக்கமேட்டிலும், கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழ்வுகளிலும் உரோமக் கண்ணாடிக் கலங்களின் துண்டுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் எளிதில் அடையாளம் காணப்படுபவை புறத்தே வரிவரியாகப் புடைத்த கிண்ணங்களின் உடைசல்கள். அவை உண்ணவும் பருகவும் கொண்டவை. ஆப்கானித்தானத்துப் பெக்ராமில் 1937 முதல் 1939 வரை ஆக்கின் குழுவினர் கண்ட களஞ்சியத்தில் வண்ணம் தீட்டிய கண்ணாடிக் கோப்பைகளும் மீன்வடிவக் குப்பிகளும் வாய்த்தன. அது வேறு நிலம், வேறு வழி. அங்குள்ளதைக் கொண்டு பாண்டிநாட்டை அளத்தல் தகாது.

எம் பகுதியார்க்கு ஒன்று தனித்துச் சொல்லல் வேண்டும். ஆலங்குளத்துக்கு அணித்தே, வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்துவருங்கால் கண்ணாடி மணிகள் பல வெளிப்பட்டன. கண்ணாடி என்ற சொல் செய்தித்தாளில் வந்த அன்றே யவனர் இங்கு வந்து தங்கினர் என்று பேசத் தொடங்கியோர் உண்டு. போதாக்குறைக்கு, மதுச்சாடி உடைசல்களும் உரோமக் காசுகளும் கிடைத்த இராமநாதபுரத்து அழகன்குளத்தை ஆலங்குளமென்றே படித்து மகிழ்ந்த மாணவரும் உளர். ஓரெழுத்தில் ஊர் மாறியதோடு கடலும் எம் ஊருக்கு வந்துவிட்டது! கண்ணாடிக் குழாயை நீள இழுத்து நறுக்கிச் செய்யும் சிறுமணி தென்னாட்டார்க்கே உரிய பெருந்தொழில். அரிக்கமேடு அதற்குப் பெயர்பெற்ற பட்டறையூர். அம்மணிகளைக் கீழைக்கடல் நாடுகள் வரை காண்கின்றோம். இந்நாட்டுக் கண்ணாடிகளுட் பெரும்பகுதி அலுமினியக் கூறு மிக்கது. உரோமக் கண்ணாடியோ எகிப்திய நேட்ரான் உப்பும் சுண்ணமும் கலந்த மணலால் ஆயது. அதில் அலுமினியக் கூறு குறைவு. வேதியியலாய்வு இவ்விரண்டனையும் பிரித்துக் காட்டவல்லது. கண்ணாடி கண்ட இடமெல்லாம் யவனரைக் காண்பது நம்மவர் கைத்திறத்தை நாமே அயலார்க்கு எழுதிக்கொடுத்தலாக முடியும்.

தமிழர்தம் நறும்பொருள் வாழ்க்கையில் அத்தகைய குப்பிக்கு வேலையும் மிகுதியாக இல்லை. அரைத்துப் பூசும் சாந்தும், புகைக்கும் அகிலும், சூடும் மலருமே சங்கப் பாட்டுகளில் மணக்கின்றன. நெடுநல்வாடையின் கூதிர்க் காலத்தில், வடநாட்டார் கொணர்ந்த வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு பயனின்றிக் கிடக்கின்றது. குளிருக்கு அஞ்சிச் சாந்து பூசுவாரில்லை என்பதைக் கல் கிடக்கும் நிலையாற் புலப்படுத்தும் திறம் வியக்கத்தக்கது. மணப்பொருளை வைக்கும் கலத்திற்குப் புலவர் வழங்கும் சொல் செப்பு. குறுந்தொகையின் 9ஆம் பாட்டில், சூடப்படாது செப்பினுள் அடைபட்ட மலர்போலத் தலைவி மெலிகின்றாள். மூடிய கலத்துள் மணம் வீணாகும் துயரத்தைப் பாடவேண்டிய இடத்திலும் புலவர்க்குக் கிட்டியது மூட்டுவாய் நன்கமைந்த செப்பே. நறுநெய்யின் பொருட்டு யவனர் கலத்தை எதிர்நோக்கியிருந்த மாந்தராக இப்பாட்டுகள் தமிழரைக் காட்டவில்லை. யவனரிடமிருந்து வந்தனவாக அவை காட்டுவன மதுவும் பொன்னும் விளக்கும். நெடுநல்வாடையில் வரும் பாவை விளக்கினை நினைந்துகொள்க.

அவ்வாறாயின் உரோமர் நறுநெய்க் குப்பிக்கும் தென்னாட்டிற்கும் உறவே இல்லையா? உண்டு, ஆனால் தலைகீழாக உண்டு. குப்பி இங்கு வந்ததனினும், குப்பிக்குள் இருந்தது இங்கிருந்து சென்றமையே பெரிது. முசிறி, நெல்கிந்தாத் துறைகளினின்று ஏற்றுமதியாயினவற்றுள் மிளகு, முத்து, யானைக்கோடு ஆகியவற்றோடு கங்கைச் சடாமாஞ்சிலையும் தமாலபத்திரத்தையும் பயணநூல் கூறுகின்றது. வியன்னாவில் உள்ளதும் 1985இல் வெளியிடப்பட்டதுமாகிய பாப்பிரசு ஏட்டில், எர்மப்பொல்லோன் என்னும் கப்பல் முசிறியினின்று கொண்டுசென்ற சரக்கில் 60 பெட்டி சடாமாஞ்சில் கணக்கிடப்பட்டுள்ளது. இமயத்துச் செடியின் வேர் கங்கை வழியாக இறங்கிச் சேரன் துறையில் ஏறி அலெக்சாந்திரியா சேர்ந்தது. அங்கு நெய்யில் ஊறி நறுநெய் ஆயிற்று. பிளினி தம் நூலின் 12, 13ஆம் பகுதிகளில் இந்நறும்பொருள்களை விரித்துரைக்கின்றார். முத்தும் மணியும் வழித்தோன்றலுக்குச் செல்ல, நறுநெய்யோ பூசிய அளவில் அழியும் ஆடம்பரம் என்று சினக்கின்றார். நறுநெய் வைத்தற்குச் சிறந்தது அலபாசுடர்க் கல்லே என்பதும் அவர் கூற்று. எனவே விலையுயர்ந்த நெய்யெல்லாம் மலிந்த கண்ணாடிக் குப்பியில் இருந்தது என்று கொள்ளுதலும் மிகையே.

எசுப்பானியத்துக் கார்மோனா நகரில் 2019இல் ஒரு கல்லறை வெளிப்பட்டது. அதன் கண்ணாடித் தாழியொன்றனுள் ஒரு சிறு குப்பி மூடி கெடாமல் இருந்தது. அது கண்ணாடியன்று, படிகக் கல்லைக் குடைந்து செய்தது. கார்தோபாப் பல்கலைக்கழகத்தார் உள்ளிருந்த எச்சத்தை ஆராய்ந்து, பச்சௌலி என்னும் நறுந்தழையின் நெய் அது என 2023இல் அறிவித்தனர். அவ்வாங்கிலச் சொல் தமிழ்வழி வந்ததென அகராதிகள் குறிக்கும். இச்செய்தி கேட்டு உவகை கொள்ளாத தமிழர் இரார். ஆயினும் சொல்லின் பிறப்பு ஒன்று, சரக்கு ஏறிய துறை வேறொன்று. அந்நெய் எத்துறையிற் கப்பலேறியது என்பதனைக் குப்பி சொல்லவில்லை. கிடந்த இடமும், மூடியும், உடன்கிடந்த பொருள்களும், எச்சமும் ஒருங்கு அறியப்பட்டமையாலேயே இவ்வளவேனும் கூற முடிகின்றது. கழுவித் துடைத்து, மெழுகித் தாங்கியில் நிறுத்தி விற்கப்படும் குப்பியினின்று இத்தகைய அறிவு ஒருநாளும் பிறவாது. கழுவிய நீரோடு அதன் வரலாறு போயிற்று.

பழம்பொருள் தொகுத்தலே பிழை என்று கூற யாம் முன்வரவில்லை. தனியார் தொகுப்புகள் பின்னர் அருங்காட்சியகங்களுக்கு வந்து பயன்பட்டமை உலகறிந்தது. ஆனால் கேட்போர் பெருகப் பெருகக் கல்லறை தோண்டுவோரும் பெருகுவர். 1970ஆம் ஆண்டின் யுனெசுக்கோ உடன்படிக்கையும், நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொன்பொருள் சட்டமும் எழுந்தது அதனைத் தடுக்கவே. தமிழாசிரியர்க்கு இதில் உரிய பங்கு சட்டம் காத்தலன்று. இடம் அறியாப் பொருளுக்குப் பாட்டினைப் பிணையாகத் தாராமையே. ஆலங்குளத்து அன்பர்க்கு யாம் எழுதியதும் இதுவே: உங்கள் குப்பி உரோமர் குப்பியாக இருத்தல் கூடும், நக்கீரர் கலமென்று அதனைக் கூறுதற்கில்லை. அவர் சிறிது வருந்தினார்.

புறநானூற்றை இனிப் பதிப்பிப்போர் 56ஆம் பாட்டின் குறிப்பில் உரைகாரர் கொண்ட குப்பி என்னும் பொருளை அப்படியே வைத்து, அகநானூற்று 149ஆம் பாட்டினை ஒப்புநோக்குமாறு சுட்டி, மரக்கலம் என்னும் பொருளையும் உடன்காட்டுதல் நன்று. ‘கண்ணாடி’ என்னும் சொல்லை இவ்விரண்டனுள் எதனோடும் சேர்க்க வேண்டுவதில்லை.